‘கட்டாயம்’ யாருக்கு? வீட்டுவழிக் கல்வியும் நம் சட்டமும்



பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கலாமா என்று யோசிக்கும் தாய் தந்தையர் முதலில் கேட்பது, “இதற்காக எங்கள் மேல் வழக்கு வருமா?” என்பதைத்தான். நேரான பதிலைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத காரணத்துக்காகப் பெற்றோரைத் தண்டிக்க 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் இடமில்லை. அபராதமும் இல்லை, சிறையும் இல்லை. இந்தப் பதில் கிடைத்ததும் பலருக்குக் கவலை தீர்ந்துவிடுகிறது. அடுத்த கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு: “குற்றமில்லை என்றால் இது எங்கள் உரிமைதானே?” கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்கு, ‘ஆம்’ என்று சொல்லத் துணைக்கு வரக்கூடிய சட்டப்பிரிவு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. தண்டிக்கவும் இல்லை, தரவும் இல்லை. சட்டம் வாய் திறக்காமல் இருக்கிறது. அந்த மௌனம் யாருக்கு உதவுகிறது, யாரைக் கைவிடுகிறது என்பதே இன்று நான் பேச வந்த பொருள். பெற்றோருக்கு அது வசதியாக இருக்கலாம். பிள்ளைக்கு அது பாதுகாப்பு ஆகாது. ஆகவே அந்த மௌனத்தைக் கலைத்து, வீட்டுவழிக் கல்விக்குச் சட்டத்தில் எழுதப்பட்ட ஒரு வழி வேண்டும் என்பது என் வாதம். அந்த வழி வரும்வரை பெற்றோர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அரசமைப்புச் சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1950இல் நடைமுறைக்கு வந்த 45ஆம் கூறு, 14 வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச, கட்டாயக் கல்வி தர அரசு 10 ஆண்டுகளுக்குள் முயல வேண்டும் என்றது. 1960 வந்தது, போனது. கல்வி எல்லோருக்கும் வந்து சேரவில்லை. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், 14 வயதுவரை கல்வி என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. அதன் பிறகு 2002இல் 86ஆம் திருத்தம் வந்து 21ஏ கூறைச் சேர்த்தது: ஆறு முதல் 14 வயதுவரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச, கட்டாயக் கல்வியை, சட்டத்தின் மூலம் தான் தீர்மானிக்கும் முறையில், அரசு அளிக்க வேண்டும். அதே திருத்தம் 51ஏ கூறில் பெற்றோருக்கும் ஒரு கடமையை எழுதியது: பிள்ளைக்குக் கல்வி வாய்ப்புகளை ஏற்படுத்தித் தருவது. இந்த இரண்டு வாசகங்களிலும் ‘பள்ளி’ என்ற சொல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அரசமைப்புச் சட்டம் கல்வியைப் பற்றிப் பேசுகிறது. அது எந்த இடத்தில், எந்த முறையில் என்பதைப் பின்னால் வரும் சட்டத்திடம் விட்டுவிடுகிறது. வீட்டுவழிக் கல்விக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் வாதிடுபவர்களுக்கு இதுதான் முதல் பிடிமானம்.

பின்னால் வந்த சட்டம் அந்தக் கேள்விக்குத் தெளிவான விடையைத் தந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை அருகமைப் பள்ளியில் இலவசமாகவும் கட்டாயமாகவும் படிப்பது ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்கிறது. இங்கே தொடக்கக் கல்வி என்றால் எட்டாம் வகுப்புவரை. 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் ‘கட்டாயம்’ என்ற சொல்லுக்கு 8ஆம் பிரிவு தரும் விளக்கத்தைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். கட்டாயம் என்பது அரசின் மேல் விழும் பொறுப்பு: இலவசக் கல்வி தருவதும், பிள்ளை பள்ளியில் சேர்வதையும் வருவதையும் படிப்பை முடிப்பதையும் உறுதிசெய்வதும் அரசின் வேலை. பொதுவாக நாம் ‘கட்டாயக் கல்வி’ என்று சொல்லும்போது பிள்ளையின் காதைப் பிடித்து இழுத்துப்போகும் ஒரு கையைத்தான் மனத்தில் காண்கிறோம். சட்டம் பிடித்திருப்பது அரசின் காதை. பெற்றோர் கடமை தவறினால் என்ன தண்டனை என்று 2009 சட்டம் எழுதாமல் விட்டதற்குக் காரணமும் இதுதான். வறுமையால் பிள்ளையை வேலைக்கு அனுப்பும் கூலித் தொழிலாளியை அபராதம் போட்டு மேலும் நசுக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் நியாயமான உணர்வு. வீட்டுவழிக் கல்வி தரும் நடுத்தரக் குடும்பங்கள் இன்று பயமின்றி இருக்க முடிகிறதென்றால், அது ஏழைப் பெற்றோருக்காக விடப்பட்ட இடைவெளியில் கிடைத்த நிழல். இதை அவர்கள் மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

இங்கே வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. 1911இல் கோகலே கொண்டுவந்த தொடக்கக் கல்வி மசோதா தோற்றது. ஆனால் அதன் பிறகு மாகாணங்களும் மாநிலங்களும் தனித்தனியாகக் கட்டாயக் கல்விச் சட்டங்கள் இயற்றின. 1960ஆம் ஆண்டின் டெல்லி தொடக்கக் கல்விச் சட்டம் அவற்றுள் ஒன்று. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அதில் அபராதம் இருந்தது. கூடவே, அனுப்பாமல் இருப்பதற்கு ஏற்கத்தக்க காரணங்களும் எழுதப்பட்டிருந்தன. நடந்து போகும் தொலைவில் பள்ளி இல்லை என்பது ஒரு காரணம். பிள்ளை வேறு வகையில் கற்பிக்கப்படுகிறது, அது திருப்திகரமானது என்று அரசோ அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரோ அறிவித்திருப்பது இன்னொரு காரணம். அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் நாட்டுச் சட்டம் ஒன்றில் வீட்டுவழிக் கல்விக்கு ஒரு ஜன்னல் இருந்தது என்பதே இதன் பொருள். அலுவலர் ஒருவர் பார்த்து, திருப்தி என்று எழுதினால் போதும். 2009 சட்டம் பெற்றோருக்கான தண்டனையை எழுதவில்லை, அது நல்லது. ஆனால் தண்டனை இருந்த இடத்தில்தான் விதிவிலக்கும் இருந்தது. பிரம்பைத் தூக்கிப் போட்டவர்கள், அதனோடு ஜன்னலையும் சுவரெழுப்பி மூடிவிட்டார்கள்.

அந்த ஜன்னல் சில பிள்ளைகளுக்கு மட்டும் மீண்டும் திறந்தது. 2012இல் வந்த திருத்தம், பன்முகக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள மாற்றுத்திறன் குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது. இது அவர்களுக்கான உரிமை. பள்ளி அவர்களைத் தட்டிக்கழிப்பதற்கான சாக்கு ஆகாது. இந்தத் திருத்தத்தின் கீழ் நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பிள்ளையின் பெயர் ஊர்ப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வீடு தேடி வருவார். பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களைப் பிரித்து, வண்ணமணியைப் பிடிக்கவைத்து, எடுக்கவும் வைக்கவும் சொல்லிக்கொடுப்பார். தாய்க்கும் அதைக் கற்றுத்தருவார். இயன்முறைப் பயிற்சி தருபவரும் வருவார். குறைகள் நிறைய உண்டு. பயிற்றுநர்கள் போதவில்லை, வருகை விட்டுப்போகிறது. ஆனாலும் ஒன்று தெளிவு. வீட்டில் நடக்கும் கல்வியைப் பள்ளியோடு இணைக்கவும், ஒருவர் போய்ப் பார்த்து எழுதவும் நம் அரசுக்குத் தெரியும். அதற்கான ஆட்களும் பதிவேடும் இருக்கின்றன. ‘நிர்வாகத்தால் முடியாது’ என்ற வாதம் இந்த ஒரு திட்டத்தின் முன்னால் நிற்காது. (2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் நடத்திய மாலைநேர வகுப்பு.)

ஆனால் அந்தத் திருத்தமே மற்றவர்களுக்கு எதிராகவும் வாசிக்கப்படக்கூடும். ஒரு வகைப் பிள்ளைகளுக்கு மட்டும் வீட்டுவழிக் கல்வியைச் சட்டம் பெயர் சொல்லி அனுமதித்தால், மற்றவர்களுக்கு அது கிடையாது என்றுதானே பொருள் என்று அரசு வழக்கறிஞர் ஒருவர் வாதிடலாம். ஆனால் அதே 2012ஆம் ஆண்டு ஜூலையில், வீட்டில் படித்துவந்த சிறுமி ஒருத்தியின் சார்பில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கில், மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. விரும்பி வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்குக் கல்வி உரிமைச் சட்டம் குறுக்கே நிற்காது என்பது அதன் சாரம். வீட்டுவழிக் கல்விக் குடும்பங்கள் பல இன்றும் இதைத்தான் தங்கள் கவசமாகக் காட்டுகின்றன. மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும்: பிரமாணப் பத்திரம் சட்டம் ஆகாது. ஓர் அமைச்சகம் ஒரு வழக்கில் எடுத்த நிலை, அடுத்த அரசையோ அடுத்த வழக்கையோ கட்டுப்படுத்தாது. பிள்ளையின் எட்டு ஆண்டுப் படிப்பை ஒரு தாளின் மேல் கட்டுவது துணிச்சலாக இருக்கலாம், விவேகமாக இராது.

எட்டு ஆண்டு என்று சொன்னேன். அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆறு வயதுக்கு முன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற கடமை பெற்றோருக்கு இந்தச் சட்டத்தில் இல்லை. 14க்குப் பின்னும் இல்லை. ஆகவே சட்டச் சிக்கல் முழுவதும் ஆறிலிருந்து 14வரைதான். அந்த வயதுக்குள் சட்டத்தோடு உரசாத வழி ஒன்று உண்டு: பிள்ளையின் தேவைக்கு வளைந்துகொடுக்கும் ஓர் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் சேர்த்து, பாடத்தின் பெரும்பகுதியை வீட்டில் நடத்துவது. இதற்குப் பள்ளி மனம் வைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் பொய் எழுதும் ஏற்பாடாக அது மாறவும் கூடாது. முழுக்க வீட்டிலேயே என்று முடிவெடுப்பவர்களுக்கு, படித்ததை நிரூபிக்கும் வாசல்கள் எவை என்பதே முக்கியம். தமிழ்நாட்டில் நம் கண்முன்னே இருந்தும் பலர் அறியாத வாசல் ஒன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வர் தேர்வு. 12½ வயது நிறைந்தவர்கள் அதை எழுதலாம். முதல் முறை எழுதுபவர் மாற்றுச் சான்றிதழைத்தான் காட்ட வேண்டும் என்றில்லை. பிறப்புச் சான்றிதழ் நகலும் ஏற்கப்பட்டுவந்திருக்கிறது. அதில் தேறியவர் 14½ வயதில் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைக்கு மட்டும் முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் பயிற்சி எடுக்க வேண்டும். இந்தப் பதிவைத் தவறவிட்டு ஓராண்டை இழப்பவர்கள் உண்டு. நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் வரும் அறிவிப்பு அது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அதைக் கவனித்துச் சொல்ல வகுப்பாசிரியர் இல்லை. பெற்றோர்தான் அந்த வகுப்பாசிரியர்.

இன்னொரு வாசல், 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி இப்போது தேசியத் திறந்தநிலைக் கல்வி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் மத்திய வாரியம். என்ஐஓஎஸ் என்றால் எல்லோருக்கும் புரியும். இதன் அடிப்படைக் கல்வித் திட்டத்தின் ஏ, பி, சி நிலைகள் முறையே 3, 5, 8 வகுப்புகளுக்கு இணையானவை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 14 வயதில் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். அதற்கு எட்டாம் வகுப்புச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்கு நான் படித்திருக்கிறேன் என்று பிள்ளையே எழுதித் தரும் உறுதிமொழி போதும். இந்திய நிர்வாகத்தில் ஒரு பிள்ளையின் வார்த்தையை அப்படியே நம்பும் படிவங்கள் அரிது. அந்த ஒரு வரிக்காகவே இந்த நிறுவனத்தை மதிக்கிறேன். ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வெழுதலாம், ஒவ்வொரு பாடமாகவும் முடிக்கலாம். ஐந்து பாடங்களோடு பன்னிரண்டாம் வகுப்பைத் தேறியவர் ஜேஇஇ எழுதலாம். மருத்துவப் படிப்பின் கதவு நெடுங்காலம் மூடியிருந்தது. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களை விலக்கிய மருத்துவக் கவுன்சில் விதியை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் பின் நீட் தேர்வும் அவர்களுக்குத் திறந்திருக்கிறது. வெளிநாட்டு வாரியங்களின் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதுவது மூன்றாவது வழி. கட்டணம் கனமானது, தனித்தேர்வரை ஏற்கும் மையமும் கிடைக்க வேண்டும்.

இவ்வளவு வாசல்கள் இருக்கும்போது பள்ளி எதற்கு என்று கேட்பவர்கள், மூடிக்கொள்ளும் வாசல்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பிலும், பின்னர் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் பள்ளிப் படிப்பை எங்கே படித்தார் என்று கேட்கிறது. அரசுப் பணியில் தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் பயின்றதற்கான பள்ளிச் சான்று வேண்டும். வீட்டில், தாய்மொழியில், தாயின் வாயாலேயே எல்லாவற்றையும் படித்த பிள்ளைக்கு அந்தச் சான்றை யார் கையெழுத்திட்டுத் தருவார்? என்ஐஓஎஸ் சான்றிதழை மாநில அரசுப் பணிக்கு இணையாக ஏற்பதா என்பதும் மாநில ஆணைகளைப் பொறுத்தது. சேர்வதற்கு முன்னரே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. ஏழு வயதுப் பிள்ளைக்காகப் பெற்றோர் எடுக்கும் முடிவின் விலையை இருபத்தேழு வயதில் அந்தப் பிள்ளைதான் கொடுக்கும்.

சட்டம் உண்மையிலேயே பிரம்பெடுக்கும் இடம் ஒன்றும் உண்டு. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாடகை வீட்டைப் பிடித்து, ஆளுக்கொரு பாடம் நடத்தி, செலவுக்கு மாதாமாதம் பணம் பிரித்து, வாசலில் ஒரு பலகையும் மாட்டினால், அது வீடா பள்ளியா என்ற கேள்வி எழும். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துவதற்கு 18ஆம் பிரிவு ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கிறது. தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். பெற்றோராக இருக்கும்வரை தண்டனை இல்லை. பள்ளி நடத்துபவராக மாறிய நாளிலிருந்து உண்டு. கூட்டாகக் கற்பிப்பதில் தவறில்லை. ஆனால் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்துகொண்டே கூட வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். அவற்றுள் கனமானது இது: வீட்டுவழிக் கல்வியைச் சட்டம் ஒப்புக்கொண்டால், பிள்ளையை வேலைக்கு அனுப்புபவரும், பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவரும் “வீட்டில் படிக்கவைக்கிறோம்” என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். இந்தப் பயம் கற்பனை இல்லை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழ் எல்லா வேலையையும் தடுத்தது. ஆனால் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விட்டது. பள்ளியே இல்லாத பிள்ளைக்கு எது பள்ளி நேரம்? தறிக்குழியில் உட்கார்ந்து நூலிழுக்கும் பிள்ளைக்கும், அதே தெருவில் மாடியறையில் ஓவியம் பழகும் பிள்ளைக்கும் சட்டத்தின் கண்ணில் இன்று ஒரே பெயர்: பள்ளி செல்லாக் குழந்தை. இந்த மறுப்பை முழுதாக ஏற்றுக்கொண்டுதான் பதில் சொல்கிறேன். இன்றைய மௌனமே இந்த ஆபத்தை வளர்க்கிறது. யார் வீட்டில் படிக்கிறார்கள் என்ற பதிவே இல்லாதபோது, உண்மையிலேயே கற்பிப்பவரையும் ஏய்ப்பவரையும் எதை வைத்துப் பிரிப்பது? ஆண்டுதோறும் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க ஆசிரியப் பயிற்றுநர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். செங்கல் சூளையிலும் தறிப்பட்டறையிலும் நுழைபவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியைத் தாண்டி உள்ளே போவது கடினம். பதிவு என்று ஒன்று வந்தால் கேள்வி இரண்டு வாசல்களிலும் கேட்கப்படும். பதியாதவர் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பதிந்தவர் கற்பிப்பதைக் காட்ட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு எனக்கு இன்னும் நெருக்கமானது. பள்ளி பாடம் படிக்கும் இடம் மட்டுமன்று. வெவ்வேறு சாதியிலும் வருமானத்திலும் பிறந்த பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம். 1964-66இன் கோத்தாரி குழு பொதுப் பள்ளி முறையைப் பரிந்துரைத்தது இந்த எண்ணத்தில்தான். ஒரு காலத்தில் பள்ளிக்குள் நுழையவே போராட வேண்டியிருந்த மக்களின் நாட்டில், பள்ளியை விட்டு விலகும் உரிமையைப் பற்றிப் பேசுவது கூசத்தான் செய்கிறது. ஜெர்மனி வீட்டுவழிக் கல்வியை மறுப்பதற்கும் இதே போன்ற காரணத்தைத்தான் சொல்கிறது: சமூகத்துக்குள் தனித் தீவுகள் உருவாகக் கூடாது. 2006இல் கொன்ராட் வழக்கிலும் 2019இல் வுண்டர்லிஷ் வழக்கிலும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஜெர்மனியின் பக்கமே நின்றது. பிரான்சும் 2022 கல்வியாண்டு முதல், அறிவித்தால் போதும் என்ற முறையைக் கைவிட்டு, அனுமதி பெற வேண்டும் என்று மாற்றிக்கொண்டது. இந்த வாதத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜெர்மனியின் பொதுப் பள்ளி உண்மையிலேயே பொதுவானது. நம் நாட்டிலோ, மாதம் பல்லாயிரம் கட்டணம் வாங்கும் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்த்து, ஊரின் மற்றப் பிள்ளைகளிடமிருந்து முழுக்கப் பிரித்துவைக்கச் சட்டம் தாராளமாக அனுமதிக்கிறது. அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்ட சட்டம், வீட்டில் கற்பிக்கும் சில குடும்பங்களை மட்டும் நிறுத்திச் சமத்துவம் பேசுவது பொருந்தாது. அதோடு, வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் பள்ளியால் காயப்பட்டவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டத் திணறுவதால் தினமும் கேலிக்கு ஆளாகும் பிள்ளை, ஒலியும் கூட்டமும் தாங்காத ஆட்டிசப் பிள்ளை, பெயர் சொல்லி அழைக்கப்படாமல் சாதி சொல்லி அழைக்கப்பட்ட பிள்ளை. 2012 திருத்தத்தின் ‘கடுமையான குறைபாடு’ என்ற வரையறைக்குள் இவர்களில் பெரும்பாலோர் வரமாட்டார்கள். பள்ளி திருந்தும்வரை இந்தப் பிள்ளை காத்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து, வீட்டுவழிக் கல்வி தரும் பெற்றோரிடமிருந்தே வருகிறது. “பதிவு என்று ஆரம்பித்தால் பாடத்திட்டம் வரும், பரிசோதனை வரும், லஞ்சமும் வரும். இப்போது யாரும் கேட்பதில்லை, இப்படியே இருந்துவிட்டுப் போகிறோம்.” அதிகாரியின் முன்னால் கைகட்டி நின்ற அனுபவம் உள்ள எவருக்கும் இந்தப் பயம் புரியும். ஆனால் ‘யாரும் கேட்பதில்லை’ என்பது வசதியுள்ளவரின் பாதுகாப்பு. கணவனும் மனைவியும் பிரிந்து, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு வரும் நாளில் அது கேட்கப்படும். பக்கத்து வீட்டுக்காரர் குழந்தை உதவி எண் 1098க்கு அழைக்கும் நாளில் கேட்கப்படும். அப்போது கையில் காட்ட ஒரு தாளும் இல்லாதவர், தாம் நல்ல பெற்றோர் என்பதைத் தம் வாய்ச்சொல்லால் மட்டுமே நிறுவ வேண்டியிருக்கும்.

ஆகவே நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிள்ளைக்கு அதன் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி தருவது பெற்றோரின் கடமை என்று சொல்லி, அதைப் பள்ளி மூலமாகவோ வேறு வகையிலோ தரலாம் என்கிறது. அந்த ‘வேறு வகையிலோ’ என்ற ஒரு சொற்றொடர்தான் அங்கே வீட்டுவழிக் கல்வியின் சட்ட அடிப்படை. நம் 10ஆம் பிரிவிலும் அதற்கு ஓரிடம் வேண்டும். அதோடு, பெற்றோர் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதித் தர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் வந்து பிள்ளையைப் பார்த்து, பிள்ளையோடு தனியே பேச வேண்டும். பிள்ளையின் பெயர் அருகமைப் பள்ளியின் பதிவேட்டில் தனிப்பக்கத்தில் இருக்க வேண்டும். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஏற்கனவே நடக்கும் ஏற்பாடுதான் இது. வருபவர் மதிப்பெண் போட வேண்டாம். பிள்ளை வளர்கிறதா, படிக்கிறதா, பயமின்றி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சட்டம் மாறும்வரை பெற்றோர் இதில் பாதியைத் தாங்களாகவே செய்யலாம். என்ன கற்பிக்கிறோம், எந்தத் தேர்வை நோக்கி என்று ஒரு பக்கம் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு ஒப்புகையோடு அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளலாம். தூங்கும் புலியை இடறுவானேன் என்று கேட்பார்கள். ஒளித்துச் செய்யாததே நல்லெண்ணத்துக்கு முதல் சாட்சி என்பது என் பதில். பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, தேதியிட்ட குறிப்பேடுகள், படித்த நூல்களின் பட்டியல், பிள்ளை வரைந்ததும் எழுதியதும்: எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். தாய் தந்தை இருவரும் அதில் கையெழுத்திட்டிருக்கட்டும்.

கடைசியாக, பிள்ளையின் விருப்பம். இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கை, தன்னைப் பற்றிய முடிவுகளில் பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. பத்து வயதில் ஒரு பெண் பிள்ளை, “எனக்குப் பள்ளிக்குப் போகணும்” என்று சொன்னால் என்ன செய்வது? அது செப்டம்பராக இருக்கலாம், சேர்க்கை முடிந்திருக்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அதுவரை பள்ளியில் சேராத பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. சேர்க்கும் முன் தேர்வு வைக்கக் கூடாது என்கிறது 13ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 14. காலம் கடந்துவிட்டது என்பதற்காக மறுக்கக் கூடாது என்கிறது 15. தலைமையாசிரியர் தயங்கினால் இந்த எண்களை அவரிடம் பணிவோடு சொல்லலாம். அந்தப் பிள்ளை அடுத்த நாள் காலை ஐந்தாம் வகுப்பில் உட்காரலாம்.